ஊர் மாறும், வீடு மாறாது

கேள்வி: சர்க்கஸ் கலைஞர்கள் குடும்பத்தோடு ரயிலிலேயே வாழ்ந்தார்களாமே, நிஜமா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: நிஜம்தான். அமெரிக்காவின் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸுக்கு இரண்டு ரயில்கள் இருந்தன; ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைல் நீளம். பெட்டிக்குள் தடுத்த அறைதான் வீடு. பிள்ளைகுட்டிக்காரர்களுக்குச் சற்றுப் பெரிய இடம். தனியாளுக்குக் கட்டில் போட்டாலே நிறைந்துவிடும். சமைக்க அலுத்தால் 'பை கார்' என்ற சாப்பாட்டுப் பெட்டி. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆசிரியரும் கூடவே வந்தார். ஊர் மாறினாலும் பக்கத்து வீட்டுக்காரர் மாறமாட்டார். (வாடகை வீட்டில் காலம் தள்ளும் நமக்கு அந்தக் கொடுப்பினை ஏது!) 2016இல் யானைக் காட்சிகளை நிறுத்தினார்கள், கூட்டம் இன்னும் குறைந்தது. 2017 மே 21இல் நியூயார்க் அருகே கடைசிக் காட்சி. 2023இல் சர்க்கஸ் திரும்பி வந்தது, ரயில் வரவில்லை.