பிணைக்கு யார் நிற்பது?

போன வருடம் கலஹாவிலிருந்து அக்காவின் மகன் ஒரு கடதாசிக் கட்டோடு வந்தான். கண்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. ஆறு மாதப் பயிற்சி, பிறகு மூன்று வருடக் கட்டாய சேவை, இடையில் விலகினால் மூன்று இலட்சம் ரூபாய். எட்டுப் பக்கமும் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் பிணையாளர் இருவருக்குக் கோடு. ஒன்றின் மேல் பென்சிலால் அத்தானின் பெயரை எழுதி வைத்திருந்தான். தோட்டத்தில் உழைத்து அத்தான் வாங்கிய பணிக்கொடைதான் அந்த வீட்டின் கடைசிக் காசு.

இப்படிப் பொண்ட், அதாவது விலகினால் பணம் கட்டுவதாக எழுதும் சேவை ஒப்பந்தம், கேட்கும் இடங்கள் பெருகிவிட்டன. எதற்கு இணங்கலாம், எதை விடலாம்?

வெல்டிங், மின்னிணைப்பு, சமையல் போன்ற தொழிலென்றால் பொண்ட் இல்லாத வழியையே சொல்வேன். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ, பயிலுநர் பயிற்சி தரும் நைட்டாவிலோ பயின்று தேசிய தொழில் தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் எடுங்கள். கைக்காசு குறைவுதான், காலமும் பிடிக்கும். ஆனால் அந்தச் சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கும், எங்கும் செல்லும்.

நிறுவனம் உண்மையாகவே செலவழிக்கும் இடத்தில் பொண்ட் நியாயம். பேராதனைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சம்பளத்துடன் விடுமுறை பெற்று வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் படிக்கப் போகும்போது, திரும்பி வந்து சேவை செய்வதாக எழுதிக் கொடுக்கிறார். பொதுப் பணத்துக்கு அது ஈடு. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் திரும்பாதவர்கள் பலர். போனவர் கைக்கெட்டாத தூரத்தில் இருக்க, பிணைக்குக் கையெழுத்திட்ட சக ஆசிரியரிடமே பணம் கேட்க முடியும். பொண்ட் இறுக்கிப் பிடிப்பது பெரும்பாலும் ஊரில் இருப்பவரைத்தான்.

தவிர்க்க வேண்டியது, வேலையைப் பழக்குவதையே பயிற்சி என்று பெயரிட்டு எழுதும் பொண்ட். வெளியே மதிப்புள்ள சான்றிதழ் கிடைக்குமா, செலவுக் கணக்கை எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். தொகை மாதாமாதம் குறைய வேண்டும். மூன்று இலட்சம், 36 மாதம் என்றால், 24 மாதம் முடித்தவரின் பாக்கி ஒரு இலட்சம். கடைசி மாதத்திலும் முழுத்தொகை கேட்கும் ஒப்பந்தம் வேண்டாம். அவர்களே வேலையை விட்டு நிறுத்தினால் யார் கட்டுவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். மூலச் சான்றிதழ்களையோ வெற்றுக் காசோலையையோ கொடுக்காதீர்கள்.

பொண்ட் நீதிமன்றத்தில் நிற்காது என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். இந்தியாவில் மூன்று வருடம் முடிக்காமல் விலகிய விஜயா வங்கி அதிகாரி ஒருவர் இரண்டு இலட்சம் இந்திய ரூபாய் கட்ட வேண்டியிருந்த பொண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. அது இங்கே சட்டமில்லை, ஆனால் நீதிமன்றம் எப்படிப் பார்க்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

ஏற்கெனவே கையெழுத்திட்டவருக்கு: நாலைந்து மாதமே மிச்சமென்றால் இருந்து முடியுங்கள். அதற்கு மேலென்றால் புதிய இடத்தில் அந்தத் தொகையை ஏற்பார்களா என்று பேசிப் பாருங்கள், தவணையும் கேளுங்கள். சேமலாப நிதியில் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் உங்களுடையவை. அதைப் பிடித்துவைப்பதாக மிரட்டினால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

மருமகன் போய்ப் பேசினான். மாதக் கழிவை எழுதிச் சேர்த்தார்கள், பிணையாளர் ஒருவர் போதுமென்றார்கள். அத்தானின் பெயரை அழிறப்பரால் அழித்துவிட்டு, அந்தக் கோட்டில் நான் கையெழுத்திட்டேன்.