ஏழு கோல் வாங்கிய பிறகு

அன்புத் தம்பி,

கடிதம் கிடைத்தது. இந்த சீசனில் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை, மண்டலப் போட்டியில் ஏழு கோல் வாங்கித் திரும்பினோம், கோச் வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். போடியில் இப்படிப்பட்ட செய்தி சீக்கிரம் பரவும். போடிமெட்டு ஏறுகிற தோட்டத்து ஜீப்பில்கூடக் கேலி செய்திருப்பார்கள். செய்யட்டும்.

இதைவிடப் பெரிய தோல்வியும் உண்டு. 1952 ஜூலை 15 அன்று ஹெல்சின்கி ஒலிம்பிக் கால்பந்தில் நம் நாடு யூகோஸ்லாவியாவிடம் பத்து கோல் வாங்கியது. அடித்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஆட்டம் முடிகிற நேரத்தில் அகமது கான் போட்டது. முந்தைய வருஷம்தான் டெல்லியில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கியிருந்தோம். சைலன் மன்னா கேப்டன், சையது அப்துல் ரஹீம் கோச். வெறுங்காலில் ஆடினார்கள், குளிர் தாங்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அதன் பிறகு பூட்ஸ் கட்டாயமானது. நல்ல முடிவுதான். ஆனால் பூட்ஸ் போட்டுவிட்டால் எதிராளி பாஸ் கொடுக்கிற வேகம் குறைந்துவிடுமா என்ன?

நாலு வருஷம் கழித்து மெல்போர்ன் அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா, நம் பக்கம் அதே ரஹீம். இடைவேளைக்குப் பிறகு முதல் கோலை அடித்தது நம் நெவில் டிசூசா! கடைசியில் 1-4 என்று தோற்றோம். பேப்பரில் பார்த்தால் அதுவும் தோல்விதான். எனக்கோ, வாங்கிய பத்து கோல் நாலாகக் குறைந்தது 1951 தங்கத்தைவிடப் பெரிது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் மேட்சில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி, இறுதிப் போட்டியில் அதே தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது. அன்றைக்கு கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஆடி வளர்ந்தவர். மலைக்காற்று குடித்த ஆள்.

இப்போது உன் ஏழு கோலுக்கு வருவோம். ஏழும் எப்படி விழுந்தது என்று உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. கீப்பர் சரியில்லை, பையன்களுக்கு வெறி இல்லை என்கிறாய். அதெல்லாம் டீக்கடையில் பேசுகிற பேச்சு. ஒரு நோட்டு வாங்கு. எத்தனையாவது நிமிஷம், பால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கோலுக்கு முன்னால் கடைசியாகப் பாலைத் தொட்ட நம் ஆள் யார், இவ்வளவையும் எழுது. அன்றைக்கு நானும் ஓரத்தில் நின்று பார்த்தேன். நாலு கோல் இரண்டாவது பாதியில், காற்றுக்கு எதிராக ஆடும்போது விழுந்தது. ஆடி மாதம் மேற்கே மலைப் பக்கமிருந்து இறங்குகிற காற்றில், உன் கீப்பர் உயரத் தூக்கி அடித்த கோல் கிக் நடு மைதானம் தாண்டாமல் தொங்கி, எதிராளி நெஞ்சிலேயே வந்து இறங்கியது. அவன் அதைக் காலில் போட்டு அடித்தான். மறுபடியும் அதே கிக், அதே கோல். கீப்பரை ஏன் திட்டுகிறாய்? பக்கத்தில் நிற்கிற பேக்குக்குத் தரையோடு கொடுக்க யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது?

இன்னொன்று. ஏலக்காய் எடுப்பு நாட்களில் லீவு கிடைத்தால் உன் பையன்களில் பாதிப்பேர் மெட்டுக்கு மேலே தோட்ட வேலைக்குப் போகிறார்கள். மருந்தடிக்க, மூட்டை தூக்க. சாயங்காலம் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஜீப்பில் குலுங்கி இறங்கி வருகிறவனை அப்படியே மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டால், அவன் நாளைக்கு வரமாட்டான். ஓட்டம் அவனுக்குப் பிரச்சினையே இல்லை, மலை ஏறின தொடை அது. சட்டென்று நின்று திரும்புவதுதான் வரவில்லை. அன்றைக்குச் சின்ன இடத்தில் நாலுக்கு நாலு ஆடவிடு, அரைமணி நேரம் போதும். பக்கத்தில் மூணாறில் ஃபின்லே போட்டி நடக்கும்போது இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஆடுகிற ஆட்டம். வேலையையும் பந்தையும் சேர்த்துக் கட்டி மேய்ப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும்.

பெனால்டிப் பயிற்சியை வார்ம்-அப் முடிந்ததும் வைக்கிறாய். தப்பு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது, இரண்டும் வீண். மைசூர் அணிக்காரர் சாரங்கபாணி ராமன் சமன் செய்தும், ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒரு கோல் வாங்கி 1-2 என்று தோற்றோம். கால் ஓய்ந்துபோய், மூச்சு வாங்குகிற நேரத்தில் அடித்துப் பழகினால்தான் மேட்சில் அடிக்க முடியும். பயிற்சியின் கடைசியில் வை. தவறவிட்டவனை எல்லார் முன்னாலும் கேள்வி கேட்காதே.

கேப்டனை மாற்றச் சொல்லி நிர்வாகத்திலிருந்து பேச்சு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். மாற்றாதே. ஏழாவது கோல் விழுந்த பிறகும் வலைக்குள் போய்ப் பாலை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடியவன் அவன் ஒருத்தன்தான். கல்லூரி முதல்வரிடம் இதை நானும் வந்து சொல்ல வேண்டுமென்றால், வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நோட்டைத் தயாராக வைத்திரு.

அன்புடன்,
உன் பழைய மாஸ்டர்