கம்பனியின் பெயர்ப் பலகையும் நமது கடையும்

திருகோணமலைப் பிரதான வீதியிலோ, கிண்ணியாவிலோ, மூதூர் இறங்குதுறைப் பக்கத்திலோ ஒரு தேநீர்க் கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எந்த போன் நல்லது, எந்த சிம்முக்கு சிக்னல் கூட, எந்தக் கம்பனி கேட்காமலேயே காசை வெட்டுகிறது, எந்தச் செய்தியை நம்பலாம் என்று எல்லாவற்றுக்கும் தீர்ப்புக் கிடைத்துவிடும். பாவனையாளர் என்ற வகையில் இப்படி அபிப்பிராயம் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் வியாபாரிக்கு இது போதாது. வாடிக்கையாளர் பொருளை மட்டும் பார்த்தால் போதும். வியாபாரி அந்தப் பொருளுக்குப் பின்னால் நிற்கும் கம்பனியையும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரின் கணிப்புப் பிழைத்தால் ஒரு போன் நட்டம். கடைக்காரரின் கணிப்புப் பிழைத்தால் ஓர் அலுமாரிச் சரக்கு நட்டம்.

ஆகவே, தொலைபேசிக் கம்பனிகளையும் சமூக ஊடகங்களையும் ஒரு சிறு வியாபாரி எந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதை நடந்த சம்பவங்களைக் கொண்டு இவ்வாரம் படிப்போம்.

ஓர் இலக்கம், நான்கு பெயர்கள்

இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989 இல் ஆரம்பமானது. தெற்காசியாவிலேயே முதன்முதலாக இச்சேவையைத் தொடங்கிய கம்பனி செல்டெல். 2007 இல் அதன் பெயர் டிகோ என்று மாறியது. 2009 இல் அக்கம்பனியை எடிசலாட் வாங்க, 2010 இல் பலகைகள் மறுபடியும் மாறின. 2018 நவம்பரில் எடிசலாட்டின் இலங்கைச் சேவை ஹட்ச்சுடன் இணைந்தது. 072 என்று தொடங்கும் இலக்கத்தை ஆரம்பத்திலிருந்து வைத்திருந்த ஒருவர் சிம்மை மாற்றாமலேயே நான்கு கம்பனிப் பெயர்களைக் கண்டுவிட்டார். 2009 இல் போட்டியாக வந்து கட்டணங்களைக் கீழே இறக்கிய எயார்டெல்லும் 2024 ஜூனில் டயலொக்குடன் இணைந்தது. ஒரு காலத்தில் ஐந்து கம்பனிகள் போட்டியிட்ட சந்தையில் இன்று டயலொக், மொபிடெல், ஹட்ச் என்ற மூன்றே மிஞ்சியிருக்கின்றன.

இதில் நமக்கு என்ன பாடம்? நமது பகுதியில் பல கடைகளின் பெயர்ப் பலகையைக் கம்பனிகளே இலவசமாக அடித்துக் கொடுத்தன. கம்பனியின் பெயரும் நிறமும் பலகை முழுவதும் நிறைந்திருக்கும். கடையின் பெயர் ஓரத்தில் சின்னதாக இருக்கும். பலகைச் செலவு மிச்சம் என்று நாம் சந்தோஷப்பட்டோம். உண்மையில் நடந்தது என்னவென்றால், நமது சுவரைக் கம்பனிக்கு விளம்பர இடமாக வாடகையில்லாமல் கொடுத்தோம். கம்பனி கைமாறியபோது பலகை பழசானது. அதைக் கழற்றும் வேலையும் நமக்கே வந்தது. வாப்பாவின் பெயரில் நாற்பது வருடம் நடக்கும் கடைக்குள்ள நம்பிக்கை, பத்து வருடத்தில் மூன்று பெயர் மாறும் கம்பனியிடம் இருக்க முடியாது. பலகை இலவசமாக வந்தாலும், கடையின் பெயர் மேலேயும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று கேட்பதில் வெட்கமில்லை.

நொக்கியா விட்டுச்சென்ற அலுமாரி

2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் வடக்குக் கிழக்கில் கையடக்கத் தொலைபேசி பரவியபோது, போன் என்றால் நொக்கியா என்றுதான் மக்கள் நினைத்தார்கள். 2003 இல் வெளிவந்த நொக்கியா 1100 மொடல் உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையானது. விழுந்தாலும் உடையாது, பெற்றரி நாட்கணக்கில் நிற்கும், டோர்ச் வெளிச்சமும் உண்டு. கடலுக்குப் போகிறவருக்கும் வயலுக்குப் போகிறவருக்கும் அதைவிட நல்ல போன் இருக்கவில்லை.

2007 இல் ஐபோன் வந்தது. அடுத்த வருடம் அன்ட்ரொயிட் போன்கள் வந்தன. பேசுவதற்கான கருவி, செயலிகளை இயக்கும் சிறு கணினியாக மாறியது. நொக்கியாவின் உடல் உறுதியாக இருந்தது. ஆனால் அதனுள் இருந்த மென்பொருள் இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 2011 இல் அது மைக்ரோசொப்ட்டின் மென்பொருளுக்கு மாறியது. செயலி செய்கிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. 2013 செப்டெம்பரில் தன் போன் வியாபாரத்தையே மைக்ரோசொப்ட்டுக்கு விற்பதாக நொக்கியா அறிவித்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தது. நொக்கியா என்ற கம்பனி இன்றும் இருக்கிறது. தொலைத்தொடர்பு வலையமைப்புகளுக்கான கருவிகளைச் செய்து பிழைத்துக்கொண்டது. அதன் உதிரிப்பாகங்களை அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருந்த சிறு கடைக்காரருக்கு அப்படி மாற இன்னொரு தொழில் இருக்கவில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடைக்காரர் ஒரே மொடலில் 20 போன்களை, ஒன்று 30,000 ரூபாவுக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முடங்கும் முதல் 6 இலட்சம். ஒன்றை 32,000 ரூபாவுக்கு விற்று 10 போனில் 20,000 ரூபா இலாபம் எடுக்கிறார். அதற்குள் புது மொடல் வந்துவிடுகிறது. மிச்சம் 10 போனையும் 28,000 ரூபாவுக்குத்தான் தள்ள முடிகிறது. நட்டம் 20,000 ரூபா. மூன்று மாதம் 6 இலட்சத்தைச் சுழற்றி, கையில் வந்தது பூச்சியம். கடை வாடகையும் மின்சாரக் கட்டணமும் தனி. அரிசியும் பருப்பும் விலை கூடும் என்று சேர்த்து வைக்கலாம். தொழில்நுட்பப் பொருளோ அலுமாரியில் இருக்க இருக்க விலை இறங்கும். இதை ஐந்து ஐந்தாக வாங்கி, இலாபம் சற்றுக் குறைந்தாலும் வேகமாக விற்பதே புத்தி.

போன் உண்மையில் பணம் தரும் இடம்

போனை விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும் என்றில்லை. அதைப் பயன்படுத்தியும் சம்பாதிக்கலாம். இதற்கு நமது கடலோடிகளுக்குப் பொருத்தமான சான்று அயலிலுள்ள கேரளத்தில் இருக்கிறது. ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் வட கேரளக் கரையோரத்தில் 1996 முதல் 2001 வரை சாளை மீன் வியாபாரத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து, 2007 இல் முடிவுகளை வெளியிட்டார். போன் வருவதற்கு முன், ஒரு கரையில் மீன் மலிந்து வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டுவார்கள். அதே காலையில் சில மைல் தள்ளியுள்ள இன்னொரு கரையில் வாங்க வந்தவர்கள் மீன் கிடைக்காமல் திரும்பிப் போவார்கள். பிடிபட்டதில் 5 முதல் 8 சதவீதம் வரை இவ்வாறு வீணானது.

1997 முதல் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு என்று ஒவ்வொரு பகுதியாக கையடக்கத் தொலைபேசி வந்தது. மீனவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டு, எந்தக் கரைக்குப் போவது என்று தீர்மானித்தார்கள். மீன் வீணாவது ஏறத்தாழ முற்றாக நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரு தரப்புக்கும் நன்மை கிடைத்தது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விலை தெரிந்த மீனவருக்கு விரும்பிய இடத்தில் விற்கும் சுதந்திரமும் இருக்க வேண்டும். முற்பணம் வாங்கி ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்டிருப்பவர் பேலியகொடை விலையை போனில் கேட்டறிந்தாலும், கேட்ட விலைக்கு விற்க முடியாது. நல்ல போன் வாங்குவதற்கு முன் கடன் கட்டை அவிழ்ப்பது சில வேளை பெரிய இலாபம்.

ஆறு மணி நேரப் பாடம்

இப்போது வட்ஸ்அப்பைப் பார்ப்போம். நமது பகுதியில் ஓடர் எடுப்பது, விலைப் பட்டியல் அனுப்புவது, வங்கிச் சிட்டையைக் காட்டுவது எல்லாம் அதில்தான். காசு கேட்காமல் இவ்வளவும் செய்யும் கம்பனி எப்படிப் பிழைக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. வட்ஸ்அப்பை 2014 இல் பேஸ்புக் கம்பனி 1,900 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அங்கு வேலை செய்தவர்கள் 55 பேர் அளவில்தான். அந்தப் பெருந்தொகை, கோடிக்கணக்கான பாவனையாளர்களுக்காகக் கொடுக்கப்பட்டது. மெட்டா என்று பெயர் மாறிய அக்கம்பனியின் 2023 வருமானம் சுமார் 13,500 கோடி டொலர். அதில் 98 சதவீதமளவு விளம்பரத்தால் வந்தது. அதாவது அக்கம்பனிக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் விளம்பரதாரரே. நாம் அந்தக் கடைக்குக் கூட்டம் சேர்ப்பவர்கள்.

2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி இரவு, பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகெங்கும் ஒன்றாக நின்றன. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளையால் அக்கம்பனியின் சொந்த வலையமைப்பே இணையத்திலிருந்து அறுந்துபோனது. சுமார் ஆறு மணி நேரம் எதுவும் வேலை செய்யவில்லை. நமக்கு அது தூங்கும் நேரமாக இருந்ததால் பெரிதாகத் தெரியவில்லை. பகலில் நடந்திருந்தால்?

பகலிலும் நமக்கு நடந்திருக்கிறது, வேறு காரணத்தால். 2018 மார்ச் 7 ஆம் திகதி முதல் சுமார் ஒரு வாரமும், 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பின்னர் அம்மாத இறுதி வரையிலும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி பல மணி நேரமும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடை செய்தது. வாடிக்கையாளர் இலக்கங்களையும் கடன் விபரங்களையும் அதற்குள்ளேயே வைத்திருந்தவர்கள் அந்நாட்களில் கைகட்டி இருந்தார்கள். கொப்பியில் எழுதி வைத்திருந்தவர்கள் சாதாரண அழைப்பில் வியாபாரத்தை நடத்தினார்கள்.

ஒரு சாப்பாட்டுக் கடையும் ஒரு வீடியோவும்

2018 தடைக்கு முன் நடந்தது நம் சமூகத்து வியாபாரிகள் மறக்கக் கூடாத சம்பவம். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உணவில் மலட்டுத்தன்மை மாத்திரை கலந்ததாக ஒரு கூட்டம் குற்றஞ்சாட்டியது. அச்சத்தில் இருந்த கடைக்காரரிடமிருந்து பெறப்பட்ட தலையசைப்பு வீடியோவாகப் பரவியது. கடையும் அருகிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கையில், அது வெறும் மாச்சத்து என்று தெரிந்தது. அப்படியொரு மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை. ஆனால் அறிக்கை வருவதற்கு முன்பே மார்ச் முதல் வாரத்தில் திகன உள்ளிட்ட கண்டிப் பகுதிகளில் கடைகளும் வீடுகளும் எரிந்து முடிந்திருந்தன. அவ்வன்முறையில் தனது தளம் பயன்பட்டதற்காக பேஸ்புக் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. இரண்டு வருடம் கழித்து வந்த மன்னிப்பால் எரிந்த சரக்கு திரும்பவில்லை.

இச்சம்பவம் கற்பிப்பது இரண்டு. ஒன்று, நமது கடையைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பினால், கூட்டத்துக்கு நடுவில் எதற்கும் தலையசைக்காமல், உடனே பொலிஸாருக்கும் வர்த்தக சங்கத்துக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் அறிவிக்க வேண்டும். மற்றது, பிறருடைய கடையைப் பற்றி வரும் வீடியோவை நாமும் விசாரிக்காமல் அனுப்பக் கூடாது. போட்டிக் கடையில் கலப்படம் என்று வரும் செய்தியை அனுப்பும் விரல், நாளை நம் கடைக்கு எதிராக அனுப்பப்படும் செய்திக்கும் வழி திறந்துவிடுகிறது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்தக் கம்பனியின் பொருளையும் சேவையையும் கடைக்குள் எடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இதற்கு உண்மையில் காசு கொடுப்பவர் யார்? கணக்கின் சாவி யார் கையில் இருக்கிறது? நாளைக் காலை இது நின்றால் என் கடை திறக்குமா? பிழை நடந்தால் யாரிடம் முறையிடலாம்?

இவற்றுக்கேற்ப, செலவில்லாமல் இந்த வாரமே செய்யக்கூடியவை சில:

1. முக்கிய வாடிக்கையாளர், சரக்குத் தருபவர் இலக்கங்களையும் கடன் கணக்கையும் வாரம் ஒரு முறை கொப்பியில் எழுதுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி மின்னணுப் பதிவுக்கும் சட்ட மதிப்பு உண்டு. ஆனால் போன் கடலில் விழுந்தால் பதிவும் சேர்ந்து போகும்.

2. இரண்டு வேறு கம்பனிகளின் சிம்களை வைத்திருங்கள். இரண்டு இலக்கங்களையும் சிட்டையில் அச்சிடுங்கள்.

3. பணம் பெற, ஒரு கம்பனிக்குரிய வழியை மட்டும் நம்பாதீர்கள். மத்திய வங்கியின் லங்கா கியூஆர் பல வங்கிகளுக்கும் பொதுவான தரம் என்பதால், ஒரு கம்பனி போனாலும் அட்டை செல்லும்.

4. போன் வாங்கி விற்பவர்கள் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை, ஐஎம்ஈஐ என்ற ஆங்கில எழுத்துகளுடன் 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபாருங்கள். அங்கீகாரமற்ற புதிய போன்களை 2025 ஜனவரி இறுதியிலிருந்து வலையமைப்பில் இணைக்க முடியாது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்தது. கப்பல் சாமான் என்று மலிவாக வருவதை வாங்கி வாடிக்கையாளர் தலையில் கட்டினால், திரும்பி வருவது போன் மட்டுமல்ல, நம் பெயரும்தான்.

5. உத்தரவாதம், தரம் பற்றிய முறைப்பாடுகளுக்கு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கும் அதைச் சொல்லுங்கள். முறையிடும் இடத்தைக் கடைக்காரரே காட்டும்போது அவர் மீதுள்ள நம்பிக்கை கூடும்.

இத்துறைமுகத்துக்கு எத்தனையோ கொடிக் கப்பல்கள் வந்து போய்விட்டன. வந்த கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்தவர்கள் நம் முன்னோர்கள். அவர்கள் தம் பண்டகசாலையைக் கரையில்தான் வைத்திருந்தார்கள். கம்பனிகளோடு வியாபாரம் செய்வோம். நமது பெயரையும் கணக்கையும் வாடிக்கையாளரையும் நமது கரையில் வைத்துக்கொள்வோம்.