ஹாட் ராட் காருக்குப் பின்புற சஸ்பென்ஷன் அமைப்போர் கவனத்திற்கு

1932-ஆம் வருஷத்து ஃபோர்டு காரில் பழைய டார்க் டியூபை அகற்றித் திறந்த புரொபெல்லர் ஷாஃப்டைப் பொருத்துகிறவர்கள், பின் அச்சைத் தாங்கிய பிரதான ஆதாரமும் அதனோடு போய்விடுகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1. சேஸிஸின் நடுவே இடமிருந்தால், முக்கோணமாகச் சாயும் நான்கு தண்டு அமைப்பையே தேர்ந்துகொள்ளுங்கள். பக்கவாட்டு அசைவையும் அதுவே தடுத்துவிடும்.

2. தண்டுகள் இணையாக ஓடி, காயில் ஸ்பிரிங்கும் வைப்பதானால், பான்ஹார்ட் தண்டை அவசியம் சேர்த்து, இயன்றவரை நீளமாகவும், கார் தன் முழுப் பாரத்தோடு நிற்கையில் தரைக்குச் சமாந்தரமாகவும் அமையுங்கள். குட்டையான தண்டும் சாய்ந்த தண்டும், சக்கரங்கள் ஏறியிறங்குந்தோறும் அச்சைப் பக்கத்திற்கு இழுக்கும். பலர் அலட்சியம் செய்வது இதைத்தான்.

3. குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கின் சௌந்தரியத்தை விட மனமில்லையெனில் வைத்துக்கொள்ளுங்கள். ஷாக்கிள்கள் மட்டும் சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்கட்டும், செங்குத்தாய் நின்றால் கார் ஆடும்.

4. கியர்பாக்ஸின் வெளித்தண்டையும் பினியனையும் ஒன்றுக்கொன்று இணையாக நிறுத்தி, யூனிவர்சல் ஜாயிண்டுகளில் 1 முதல் 3 டிகிரி கோணம் விடுங்கள். கோணங்கள் மாறுபட்டால் வேகத்தில் அதிர்வு எழும், கோணமே இல்லாவிடில் ஊசி பேரிங்குகள் ஒரே இடத்தில் தேயும்.

5. பிராக்கெட்டுகளை முதலில் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றி அச்சை மேலும் கீழும் முழுமையாக அசைத்துப் பாருங்கள். இடிப்பது அப்போதே தெரியும். முடிவான வெல்டிங்கை, உயிர் சம்பந்தப்பட்ட காரியமாதலால், தேர்ச்சி பெற்றவரிடமே ஒப்படையுங்கள்.