வாரம் ஒன்றா, நாள்தோறும் ஒன்றா?
அதிக அளவு வைட்டமின் மாத்திரைகளை உடல் ஏற்கும் விதம்

அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரை அவருடைய மகன் எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தார். பத்து நாள்களாக வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், பேச்சிலும் குழப்பம். “வயதாகிவிட்டதால் மறதி வந்துவிட்டது என்றே நினைத்தோம், டாக்டர்” என்றார் மகன். பரிசோதனையில் இரத்தத்தில் கால்சியம் மிகவும் உயர்ந்திருந்தது. சிறுநீரகங்களின் செயல்பாடும் குறைந்திருந்தது. மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. வாரத்திற்கு ஒன்று என எழுதப்பட்டிருந்த 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை அவர் இரண்டு மாதங்களாக நாள்தோறும் உட்கொண்டிருந்தார். “சத்து மாத்திரைதானே, கெடுதல் என்ன செய்துவிடும்?” என்பது அவர் எண்ணம்.

இவ்வெண்ணம் பலரிடமும் உண்டு. அது சரியா என அறிய, விழுங்கிய வைட்டமின் குடலிலிருந்து இரத்தத்தை எவ்வாறு அடைகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைட்டமின் சி: மிகுந்தால் வெளியேறும்

வைட்டமின் சி நீரில் கரைவது. சிறுகுடலின் சுவரில் உள்ள சில புரதங்கள் அதைச் சுமந்து இரத்தத்தில் சேர்க்கின்றன. அவற்றின் சுமக்கும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. 200 மில்லிகிராம் வரை பெரும்பகுதி உள்ளே சென்றுவிடும். 1,000 மில்லிகிராமுக்கு மேல் உட்கொண்டாலோ பாதிக்கும் குறைவாகவே சேரும். உள்ளே சென்றதிலும் மிகுதியானதைச் சிறுநீரகங்கள் வெளியேற்றிவிடும். ஆகவே அளவை இரட்டிப்பாக்கினால் பயனும் இரட்டிப்பாகாது. மாறாக, வயிற்றுப்போக்கு உண்டாகலாம். சிறுநீரகக் கல் உண்டாகும் இயல்புடையோருக்கு அந்த வாய்ப்பு கூடலாம்.

நீரில் கரையும் வைட்டமின்கள் எல்லாம் தீங்கற்றவை என்று இதனால் கொள்ளலாகாது. வைட்டமின் பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டால் நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கால்கள் மரத்துப்போகக்கூடும்.

பி12: அளவு பெரிது, சேர்வது சிறிது

“நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் பி12 போதும் என்கிறார்கள், எனக்கு ஏன் 1,000 எழுதினீர்கள்?” எனச் சிலர் வினவுவர். சிலர் கேளாமலே மாத்திரையைப் பாதியாக்கி விடுவர். பி12 உடலில் சேர, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணை வேண்டும். அவ்வழியில் ஒரு வேளைக்கு 2 மைக்ரோகிராம் அளவே செல்ல இயலும். இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் சிலருக்கு அப்புரதமே போதிய அளவு சுரப்பதில்லை. எனினும் அதன் துணையின்றியே, உட்கொண்ட அளவில் நூற்றில் ஒரு பங்கு குடல் வழியே கசிந்து சேர்கிறது. 1,000 மைக்ரோகிராமில் நூற்றில் ஒரு பங்கு 10 மைக்ரோகிராம். தேவைக்கு அது போதும். இங்கே பெரிய அளவு வீணன்று, கணக்கிட்டே தரப்படுகிறது. நரம்புப் பாதிப்பு உள்ளோருக்கு ஊசி வழியாகவே தொடங்குவோம்.

வைட்டமின் டி: உடலில் தங்குவது

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. பித்தநீரின் உதவியால் உணவிலுள்ள கொழுப்புடன் சேர்ந்து உள்ளே செல்லும். பின்னர் கல்லீரலில் மாற்றமடைந்து வாரக்கணக்கில் இரத்தத்தில் நிலைக்கும். மிகுதியானது உடற்கொழுப்பில் தங்கும். மிகுதியைச் சிறுநீரில் எளிதாகக் கழித்துவிடும் வழி இதற்கு இல்லை. வாரம் ஒருமுறை போதுமானதாக இருப்பதற்குக் காரணம் இதுவே. நாள்தோறும் உட்கொண்டால் நஞ்சாவதற்கும் காரணம் இதுவே. அளவு மீறும்போது, உணவிலிருந்தும் எலும்பிலிருந்தும் கால்சியம் இரத்தத்தில் பெருகிச் சிறுநீரகத்தையும் மூளையின் செயலையும் பாதிக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

• வார மாத்திரையை அன்றாட மாத்திரைகளுடன் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, உட்கொண்டதும் நாள்காட்டியில் அடையாளமிடுங்கள்.

• எத்தனை வாரங்கள் என்பதையும் கேட்டறியுங்கள். அக்காலம் முடிந்தபின் தாமாகவே மீண்டும் வாங்க வேண்டாம்.

• வைட்டமின் டி மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்ளாமல், மதிய உணவு போன்ற முழு உணவுடன் உட்கொள்ளுங்கள்.

• சத்து மாவு, பல வைட்டமின் கூட்டு மாத்திரை, கால்சியம் என நீங்களே வாங்கியவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே வைட்டமின் இரண்டு மூன்று வழிகளில் சேரக்கூடும்.

• இம்மாத்திரைகளை உட்கொள்வோருக்குத் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் தோன்றினால், முதுமை எனத் தள்ளிவிடாமல் உடனே அழைத்து வாருங்கள்.

அந்த அம்மையாருக்கு மாத்திரைகளை நிறுத்தி, நரம்பு வழியே திரவம் செலுத்தினோம். உடற்கொழுப்பில் தங்கியிருந்த வைட்டமின் சிறிது சிறிதாக வெளிவந்தபடியால், கால்சியம் இயல்புநிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆயின. மறதி என்று குடும்பத்தார் கருதிய குழப்பமும் அதனுடன் நீங்கியது. மருந்துச் சீட்டில் எத்தனை மாத்திரை என்பதைப் பார்க்கும் நாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் அதே கவனத்துடன் பார்ப்போமாக.