முகம் கடைசியில் வரட்டும்

மும்பையில், தாராவியிலோ செம்பூரிலோ தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகச் சேரப்போகிறீர்களா? "ஒரு ஆளை வரைங்க" என்றதும் சில வாண்டுகள் பெரிய வட்டம் போட்டுக் கண், வாய் வைத்து, அந்தத் தலையிலிருந்தே கை கால்களை இழுத்துவிடும். சிவப்பு மையை எடுக்காதீர்கள். அது வயதின் வேலை. 1926இல் ஃபுளோரன்ஸ் குட்இனஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் குழந்தைகள் வரைந்த மனித உருவங்களுக்கு மதிப்பெண் போட்டபோது, அழகைப் பார்க்கவில்லை. என்னென்ன உறுப்பு வந்திருக்கிறது என்றே எண்ணினார். நீங்களும் போன மாதப் படத்தில் இல்லாத கழுத்து இந்த மாதம் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் எல்லோரையும் எழுப்பி நிற்கவையுங்கள். கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடுப்புக்குச் சற்று மேலே, விரல் நுனி தொடையின் நடுவே. கண் தலையின் பாதி உயரத்தில்தான். பிள்ளைகள் நெற்றியில் வைத்துவிடுவார்கள். உடலின் உயரம் தலையைப்போல் ஏழரை மடங்கு என்னும் கலைக் கல்லூரியின் 'ஏழரைத் தலை' கணக்கு பெரியவர்களுக்கு. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு தலை உயரம். அளப்பதை மூன்றாம் வகுப்புக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அசைவு. ஒரு பிள்ளை பந்து வீசுவதுபோல் நிற்கட்டும். மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் முதுகு, தோள், முட்டி மடியும் இடம் மட்டும் கோடாகப் போடட்டும். முகம் கடைசியில். ரப்பரை வாங்கி வைத்துவிடுங்கள், பாதி வகுப்பு அதிலேயே போய்விடும். வீட்டுப்பாடம் 'பார்த்துவா' என்பதுதான்: கும்பார்வாடாவில் பானை வனைபவரின் முதுகு, மாட்டுங்கா பூக்கடையில் சரம் தொடுப்பவரின் மணிக்கட்டு, சிவாஜி பார்க்கில் மல்லகம்பம் ஏறும் பையனின் கால்.

நிற்கும் பிள்ளையைத் தொட்டுத் திருத்தாதீர்கள், நீங்களே நின்று காட்டுங்கள். குண்டு, ஒல்லி என்ற சொல் வாயில் வரக்கூடாது. 'ஸ்கின் கலர்' கிரேயானையும் ஓரங்கட்டுங்கள். அந்த இளஞ்சிவப்பு வகுப்பில் யாருடைய தோலுமில்லை. பழுப்பில் மஞ்சளோ கறுப்போ சேர்த்துத் தங்கள் நிறத்தைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

மகாராஷ்டிரத்தில் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைக்குக் கேட்கும் தகுதி ஏடிடி எனும் ஆர்ட் டீச்சர் டிப்ளமா. மாநிலக் கலை இயக்ககம் நடத்தும் எலிமென்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளுக்கு இப்போதே தயார்செய்யச் சொல்லிப் பெற்றோர் நெருக்குவார்கள். அவை மேல்வகுப்புக்கானவை. நினைவிலிருந்து வரையும் தாளில், படத்தைப் பார்த்தே பழகிய கை திணறும் என்று சொல்லிப் பாருங்கள், அடங்கிவிடுவார்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது உங்கள் எண்ணெய் வண்ண ஓவியம் வேண்டாம். ஒரே பிள்ளை ஜூனிலும் டிசம்பரிலும் வரைந்த இரண்டு ஆட்களைப் பெயரை மறைத்து, தேதி எழுதிக் கொண்டுபோங்கள்.