ஒரு மலை கருகுது, பக்கத்து மலை பச்சையா நிக்குது: ஏன்?



மாசி, பங்குனி வெயில் காலத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கலாம். "ஐயா, வி.பி. மலையில இலையெல்லாம் சுருண்டு கருகிப் போச்சு. பக்கத்தில இருக்கிற பழைய விதைத் தேயிலை இன்னும் பச்சையா நிக்குது. ஒரே மண்ணு, ஒரே மழை. இது எப்படி?"

கேள்வி சின்னதுதான். ஆனால் பயிர் ஆராய்ச்சி செய்கிற விஞ்ஞானிகள் வாழ்நாள் முழுவதும் தேடுகிற விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறையும். வேலை நாள் குறைந்தால் சம்பளம் குறையும். ஆகவே இது நம் வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்ட பாடம். சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகளும் இதை வாசிக்கலாம். விஞ்ஞானப் பாடத்துக்கும் உதவும்.

இரண்டு வகைச் செடி

பழைய மலைகள் தேயிலைக் கொட்டை போட்டு வளர்த்தவை. தேயிலைப் பூ தன் சொந்த மகரந்தத்தை அநேகமாக ஏற்றுக்கொள்வதில்லை. வேறு செடியின் மகரந்தத்தைப் பூச்சிகள் கொண்டு வந்தால்தான் நல்ல விதை பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு தாயும் வேறொரு தகப்பனும் உண்டு. ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளே ஒன்று மாதிரி ஒன்று இருப்பதில்லை அல்லவா? அதே போல விதைத் தேயிலை மலையில் ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. ஒன்றில் இலை பெரிது, ஒன்றில் சிறிது. ஒன்று வேகமாகத் துளிர்க்கும், ஒன்று மெதுவாகத் துளிர்க்கும். கொழுந்து எடுக்கும் தாய்மாருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வி.பி. தேயிலை அப்படியல்ல. நல்ல செடி ஒன்றிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டுகளை வெட்டி, நாற்றுமேடையில் பைகளில் நட்டு வேர் பிடிக்க வைக்கிறோம். இதில் தாய் தகப்பன் கலப்பு கிடையாது. தாய்ச் செடி எப்படியோ, நட்ட ஆயிரம் செடியும் அப்படியே. அதனால்தான் வி.பி. மலை சீராகத் துளிர்க்கிறது, கொழுந்தும் கூடுதலாகக் கிடைக்கிறது.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். முதல் காரணம் வேர். விதையிலிருந்து வந்த செடிக்கு ஆணிவேர் உண்டு. அது ஆழமாக இறங்கி அடி ஈரத்தை எடுக்கும். துண்டிலிருந்து வந்த செடிக்கு ஆணிவேர் இல்லை. இரண்டாவது காரணம் பிறவிக் குணம். வி.பி. தேயிலை எல்லாம் வெயிலுக்கு வாடும் என்று நினைக்கக் கூடாது. டி.ஆர்.ஐ. 2025 என்ற இனம் வரட்சியைத் தாங்கும். டி.ஆர்.ஐ. 2023 அந்த அளவு தாங்காது. இரண்டுமே வி.பி. தான், ஆனால் குணம் வேறு. இந்தக் குணம் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது?

செடிக்குள் இருக்கும் புத்தகம்

ஒவ்வொரு செடியின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு புத்தகம் இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். தேயிலையின் புத்தகம் 30 பாகம் கொண்டது. தாயிடமிருந்து 15, தகப்பனிடமிருந்து 15. பாடசாலையில் இவற்றை நிறமூர்த்தங்கள் என்று படிப்போம். அந்தப் பாகங்களில் உள்ள ஒவ்வொரு கட்டளையும் ஒரு பரம்பரை அலகு. இலை எவ்வளவு பெரிதாக வளர வேண்டும், வரட்சி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கட்டளைகள் பல சேர்ந்து தீர்மானிப்பவை. முழுப் புத்தகத்தையும் ஜீனோம் என்று சொல்கிறார்கள். அது நாலே நாலு எழுத்தில் எழுதப்பட்டது.

நெல்லின் புத்தகத்தைப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து 2005இல் வாசித்து முடித்தார்கள். அது ஏறக்குறைய 39 கோடி எழுத்து. தேயிலைக்கு இன்னும் கூடுதல் காலம் எடுத்தது. 2017இல் சீனாவின் குன்மிங் தாவரவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பெரிய இலை அசாம் வகையின் புத்தகத்தை வெளியிட்டார்கள். 2018இல் சீனாவின் இன்னொரு குழு சிறிய இலைச் சீன வகையை வெளியிட்டது. தேயிலையின் புத்தகம் சுமார் 300 கோடி எழுத்து! நெல்லைப் போல ஏழு மடங்குக்கும் மேல். ஏறக்குறைய மனிதனுடைய புத்தகத்தின் அளவு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த 300 கோடியில் பெரும்பகுதி புதிய விஷயம் அல்ல. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்து அங்குமிங்கும் ஒட்டியது போன்றது. இப்படி இடம் மாறும் துண்டுகளை முதலில் கண்டுபிடித்தவர் பார்பரா மக்லின்டொக் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. அவர் 1940களில் சோளச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, மணிகளின் நிற மாற்றத்திலிருந்து இதைக் கண்டுகொண்டார். அப்போது பலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடியைக் கூர்ந்து பார்க்கும் கண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

இந்தப் புத்தகத்தை வாசிப்பதால் நமக்கு என்ன லாபம்? ஒரு புதிய தேயிலை இனத்தை உருவாக்கித் தோட்டத்துக்குக் கொடுக்க இருபது வருடத்துக்கும் மேல் பிடிக்கிறது. கலப்புச் செய்து, விதை எடுத்து, செடி வளர்த்து, விளைச்சல் பார்த்து, நோய் பார்த்து, ருசி பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். வரட்சியைத் தாங்கும் கட்டளை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், நாற்றிலேயே ஓர் இலையைப் பரிசோதித்துத் தேறாததைக் கழித்துவிடலாம். காத்திருக்கும் காலம் குறையும்.

கோப்பி சொன்ன பாடம்

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. அந்த அரபிக்கா கோப்பி, உலகெங்கும் மிகச் சில செடிகளிலிருந்து பரவியது. அதன் புத்தகங்களில் வித்தியாசம் மிகக் குறைவு. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. அது துரு நோய். ஒரு செடிக்குத் தாங்கும் சக்தி இல்லை என்றால், பக்கத்துச் செடிக்கும் இல்லை. 1880இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட் என்ற ஆங்கில விஞ்ஞானி, காற்றில் பரவும் பூஞ்சணமே காரணம் என்று காட்டினார். இடைவெளியில்லாமல் மலை மலையாக ஒரே பயிரை நட்டது நோய்க்கு வழிவிட்டது என்றும் எச்சரித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இருபது வருடத்தில் கோப்பித் தொழில் படுத்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

தேயிலைக்கும் சோதனை வந்தது. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்குள் நுழைந்தது. தேயிலை அழியவில்லை. மருந்து தெளிப்பு கைகொடுத்தது. விதைத் தேயிலை மலைகளில் எல்லாச் செடியும் ஒரே அளவில் பாதிக்கப்படவுமில்லை. சில கூடுதலாகத் தாங்கின.

இன்று வி.பி. மலைகளில் அந்த வித்தியாசம் குறைவு. டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026 என்ற இனங்கள் மூன்றும் ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாய்ச் செடியின் விதையிலிருந்து வந்தவை. அதாவது அக்கா தங்கைகள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒரே குடும்பம் மலை முழுவதும் நின்றால், ஒரு நோய் எல்லோரையும் ஒன்றாகப் பிடிக்கக் கூடும். அதனால்தான் தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 3000, 4000 வரிசை என்று வேறு இனங்களையும் வெளியிட்டது.

நம் பங்கு என்ன?

புதிய இனத்துக்குத் தேவையான கட்டளையை விஞ்ஞானி தானாக எழுதுவதில்லை. எங்காவது ஒரு செடியில் ஏற்கனவே இருப்பதைத் தேடி எடுக்கிறார். அப்படிப்பட்ட செடிகள் பழைய விதைத் தேயிலை மலைகளில் நிற்கின்றன. டி.டி. 1, சி.வை. 9 போன்ற பழைய இனங்கள் தோட்டங்களில் நின்ற செடிகளிலிருந்து தெரிவு செய்யப்பட்டவைதான்.

விதைத் தேயிலையைப் பிடுங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விளைச்சல் வேண்டும், மறுநடுகையும் வேண்டும். ஆனால் பிடுங்குவதற்கு முன் அங்கே என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு செடி பிடுங்கப்பட்டால் அதன் புத்தகமும் அடுப்புக்குப் போய்விடும். அதே புத்தகம் திரும்ப அச்சாகாது.

ஆகவே கொழுந்து எடுக்கும் தாய்மாரே, நீங்கள் வருடக் கணக்காக அதே நிரையில் போகிறவர்கள். கடும் வெயிலிலும் பச்சையாக நிற்கும் செடி, பக்கத்தில் கொப்புளம் விழுந்தும் தான் சுத்தமாக நிற்கும் செடி, கவ்வாத்துக்குப் பின் முதலில் துளிர்க்கும் செடி இருந்தால் அடையாளமாக ஒரு துணியைக் கட்டி, கணக்கப்பிள்ளையிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். "நமக்கு எதுக்கு?" என்று இருந்துவிட வேண்டாம். எல்லாச் செடியும் தேறாது. நூறில் ஒன்று தேறினாலும் அது நம் பேரப்பிள்ளைகளின் காலத்துக்கு உதவும்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. விதைத் தேயிலைச் செடிகள் ஏன் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை?
2. வி.பி. தேயிலையின் நன்மை ஒன்றும் ஆபத்து ஒன்றும் சொல்லுங்கள்.
3. உங்கள் மலையில் வெயிலுக்கு வாடாத செடி எந்த நிரையில் நிற்கிறது? இதற்குப் பதில் இந்தப் பத்திரிகையில் இல்லை. அம்மாவிடம் கேளுங்கள்.